110 டிகிரியில் நிற்காத புகைப்பெட்டி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்டேன். ஒத்தக்கடையில் கடை போட்டு, பட்டறையில் சொல்லிச் செய்த எவர்சில்வர் புகைப்பெட்டியில் கோழியும் ஆட்டுத்தொடையும் வைக்கிறாய். 110 டிகிரி என்று செட் பண்ணினால் கன்ட்ரோலரில் நம்பர் 95-க்கும் 130-க்கும் நடுவே ஆடுகிறது. கதவில் இருக்கும் வட்ட முள் மீட்டர் வேறொரு கணக்குச் சொல்கிறது. சாயங்காலம் வியாபார நேரத்தில் 80-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. கன்ட்ரோலரை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய்.

மாற்றாதே. எது கெட்டிருக்கிறது என்று இன்னும் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ சொன்னவை மூன்று தனித்தனிக் கோளாறுகளாகவும் இருக்கலாம். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன். கடையில் வைத்துக்கொண்டு படி.

முதலில், திரையில் தெரியும் நம்பர் உண்மைதானா என்று பார். இதற்குக் காசு செலவில்லை. ஒரு டம்ளரில் ஐஸை நொறுக்கிப் போட்டு, இடைவெளி நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கு. சென்சார் முனையை டம்ளரின் அடியில் படாமல் நடுவில் பிடி. இரண்டு நிமிடத்தில் 0 காட்ட வேண்டும். பிறகு அடுப்பில் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் அதே முனையை வை. மதுரை கடல்மட்டத்திலிருந்து அதிக உயரத்தில் இல்லை. நம் ஊரில் தண்ணீர் நூறுக்கு அரை டிகிரி குறைவாகக் கொதிக்கும். இதே சோதனையைக் கொடைக்கானலில் செய்தால் 93 தான் காட்டும்; அங்கே போய்ச் செய்துவிட்டு சென்சார் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே. ஐஸிலும் கொதிநீரிலும் ஒரே அளவு பிசகு இருந்தால், உதாரணமாக இரண்டிலும் 4 கூடுதலாகக் காட்டினால், கன்ட்ரோலர் மெனுவிலேயே அதைத் திருத்த இடம் இருக்கும். ஐஸில் சரியாகவும் கொதிநீரில் தப்பாகவும் இருந்தால் திருத்தம் போட்டு மறைக்காதே. சென்சார் அல்லது அதன் வயரில்தான் விஷயம் இருக்கிறது.

சென்சார் எந்த வகை என்று பட்டறைக்காரரிடம் கேட்டாயா? பி.டி. 100 என்றால் ஐஸில் மல்டிமீட்டர் 100 ஓம் காட்டும், நூறு டிகிரியில் 138.5 ஓம். அதன் வயரில் ஒரு ஓம் தடை கூடினாலே கிட்டத்தட்ட இரண்டரை டிகிரி பொய்யாக ஏறிவிடும். அதனால்தான் அதை மூன்று வயரோடு கொடுக்கிறார்கள். மூன்றாவது வயர் எதற்கு என்று தெரியாமல் வெட்டிவிட்டு இரண்டை மட்டும் மாட்டுகிறவர்கள் உண்டு. கே வகைத் தெர்மோகப்பிள் என்றால் சங்கதி வேறு. அது ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் கொடுக்கும், அவ்வளவே. பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினால் பெட்டி சூடேற ஏற நம்பர் இறங்கும். அது கண்ணுக்குத் தெரிகிற தப்பு, உடனே பிடித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத தப்பு ஒன்று இருக்கிறது. வயர் நீளம் போதவில்லை என்று சாதாரணச் செம்பு வயரை ஒட்டுப்போடுவது. ஒட்டுப்போட்ட இடம் பெட்டியின் முதுகில் 60 டிகிரியில் இருந்து, கன்ட்ரோலர் 35 டிகிரியில் இருந்தால், நடுவில் உள்ள அந்த 25 டிகிரியைக் கன்ட்ரோலர் கணக்கில் எடுக்காமலே விட்டுவிடும். திரையில் 110 இருக்கும், உள்ளே 135 இருக்கும். கதவு மீட்டர் கூடுதலாகக் காட்டினால் அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று என் மனசு சொல்கிறது. கே வகைக்கென்றே விற்கும் வயரை வாங்கி ஒரே நீளமாகப் போடு.

கதவு மீட்டரையும் முழுசாக நம்பாதே. சூடு மேலே ஏறும், அந்த மீட்டர் கதவின் மேல்பாதியில் இருக்கிறது. கறி இருக்கும் தட்டின் மட்டத்தில், கறியிலிருந்தும் சுவரிலிருந்தும் நாலு விரல் தள்ளி சென்சார் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தொடைக்கறியைச் சென்சார் மேல் சாய்த்து வைத்தால், அது குளிரைப் பார்த்துக் காயிலை நிறுத்தாமல் ஓட்டும். மேல்தட்டுக் கோழி கருகும். இன்னொன்று, நீ பார்க்கும் வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிற 225 நம் டிகிரி கிடையாது. அது ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 107. கன்ட்ரோலர் மெனுவில் செல்சியஸுக்குப் பதில் ஃபாரன்ஹீட் என்று மாறிக் கிடக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடு.

நம்பர் உண்மை என்று உறுதியான பிறகுதான் சாயங்காலப் பிரச்சினைக்கு வர வேண்டும்.

சாயங்காலம் மட்டும் சூடு ஏறவில்லை என்று நீ சொன்னதுமே எனக்கு வோல்டேஜ் மேல்தான் சந்தேகம். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் கிராமத்து லைனின் கடைக்கோடியில் இருக்கும் வீடுகளுக்கு இது புதிதில்லை. மும்முனைக் கரண்ட் வந்து மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் வீட்டு பல்பு மங்கும். ஒத்தக்கடை ரோட்டில் மோட்டாருக்குப் பதிலாகக் கடை விளக்குகளும் ஏ.சி.யும் ஃபிரிட்ஜும் அந்த வேலையைச் செய்கின்றன. காயிலின் சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். 230 வோல்ட்டில் 1500 வாட் தருகிற காயில், 190 வோல்ட்டில் 1020 வாட் அளவுக்குத்தான் தரும். மூன்றில் ஒரு பங்கு சூடு காணாமல் போகிறது. கன்ட்ரோலர் என்ன செய்யும் பாவம், முழுநேரமும் ஆன் பண்ணியே வைத்திருக்கும். ஆன் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தும் சூடு ஏறவில்லை என்றால் குற்றம் கன்ட்ரோலருடையது அல்ல.

வோல்டேஜைக் காயில் ஓடும்போதே அளக்க வேண்டும். சும்மா இருக்கும் பிளக்கில் 225 காட்டும். லோடு ஏறியதும் 195-க்கு விழும். அப்படி விழுந்தால் லைன் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டாதே. உன் கடைக்குள் வரும் வயரையும் பார். முக்கால் சதுர மில்லிமீட்டர் வயரில் முப்பது மீட்டர் எக்ஸ்டென்ஷன் இழுத்து இந்தப் பெட்டியை ஓட்டினால், அந்த வயரிலேயே பத்து வோல்ட் போய்விடும். நூற்றுக்கு எட்டுப் பங்கு சூடு அதோடு சேர்ந்து போகும். பிளக்கையும் சாக்கெட்டையும் தொட்டுப் பார். சுடுகிறதா, பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டதா? அங்கே கனெக்‌ஷன் லூஸ். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 16 ஆம்பியர் பவர் பிளக், தனி எம்.சி.பி. இவை இல்லாமல் அந்தப் பெட்டியை ஓட்டக் கூடாது.

அடுத்தது காயில். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காயிலின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டர் வை. 1500 வாட் காயிலுக்கு 35 ஓம் வர வேண்டும். முடிவில்லாத தடை காட்டினால் அறுந்துவிட்டது. பட்டறைக்காரர் இரண்டு காயில் போட்டிருந்து அதில் ஒன்று போயிருந்தால், தடை இருமடங்காகவும் சூடு பாதியாகவும் இருக்கும். பெட்டி 80-லேயே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முனையில் மாட்டியிருக்கும் சொருகு டெர்மினல்களை நன்றாகப் பார். புகைப்பெட்டியில் அதிகம் கெடுவது இந்த இடம்தான். சூடும் எண்ணெய்ப் பசையும் பட்டுப் பட்டு அந்தச் சொருகு தளர்ந்து, கறுத்து, கடைசியில் எரியும். காயில் நல்லாயிருக்கும், அதற்குக் கரண்ட் கொண்டுபோகும் ஒரு அங்குல இடம் செத்துப்போயிருக்கும். வெட்டி எறிந்துவிட்டு, சூடு தாங்கும் ஃபைபர் உறை போட்ட வயரும் புது டெர்மினலும் போட்டு இறுக்கு.

எல்லாம் சரியாக இருந்தும் லைனில் வோல்டேஜ் குறைவுதான் என்றால், என் யோசனை ஸ்டெபிலைசர் வாங்குவது அல்ல. இந்த லோடுக்குப் பெரிய ஸ்டெபிலைசர் வேண்டும், விலையும் அதிகம். 2000 வாட் காயில் போடு. 190 வோல்ட்டிலும் அது 1360 வாட் கொடுக்கும். வோல்டேஜ் நன்றாக இருக்கும்போது கூடுதல் சூட்டைக் கன்ட்ரோலர் அடக்கிக்கொள்ளும். இப்போது வருகிற கன்ட்ரோலர்களில் பல 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். உன்னுடையதிலும் பின்பக்க லேபிளைப் பார்த்துக்கொள். பெரிய காயில் போட்டால் கீழே நான் சொல்லப்போகும் கட்‌-அவுட் கண்டிப்பாக வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் உன் அத்தை மகன் அங்கிருந்து ஒரு ஸ்மோக்கர் கொண்டுவந்து தருகிறேன் என்றானாமே. அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. அதன் 800 வாட் காயிலை நம் 230-இல் மாட்டினால் 2900 வாட்டுக்கு மேல் இழுக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும், தீப்பிடித்தாலும் ஆச்சரியமில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடு.

இனி நம்பர் ஆடுகிற விஷயம். கொஞ்சம் ஆடுவது இயல்பு. பழைய பாணித் தெர்மோஸ்டாட் உள்ள பெட்டியில் மேலும் கீழும் பத்துப் பதினைந்து டிகிரி போய்வந்தாலும் சராசரி சரியாக இருந்தால் கறி வெந்துவிடும். உன்னுடையது பி.ஐ.டி. கன்ட்ரோலர், அதில் 35 டிகிரி ஆட்டம் அதிகம். ஏன் ஆடுகிறது? 110 வந்ததும் கரண்ட்டை நிறுத்தினாலும், சிவக்கச் சூடேறிய காயில் தன்னிடம் உள்ள சூட்டை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். நம்பர் 130 வரை ஏறும். இறங்கும்போதும் இதே கதைதான். 110-க்குக் கீழே போனபிறகு ஆன் ஆனால், காயில் மறுபடி சூடாவதற்குள் 95-க்கு வந்துவிடும்.

இதற்கு விடை கண்டவர்களில் ஒருவர் நிக்கோலஸ் மினோர்ஸ்கி. கப்பலைத் தானாகத் திசை திருப்புவது பற்றி 1922-இல் எழுதினார். அனுபவப்பட்ட சுக்கான் பிடிப்பவர் கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை; எவ்வளவு நேரமாக விலகியிருக்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துச் சுக்கானை முன்கூட்டியே தளர்த்துகிறார். உன் கன்ட்ரோலரில் உள்ள பி, ஐ, டி என்ற மூன்று எழுத்துக்களும் அந்த மூன்று பார்வைகள்தான். 100-ஐத் தொடும்போதே சூட்டைக் குறைக்கத் தொடங்கினால் 110-இல் வந்து நிற்கும். ஆனால் உன் பெட்டி எவ்வளவு மெதுவாகச் சூடாகும், எவ்வளவு மெதுவாக ஆறும் என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். பட்டறையில் வாங்கி மாட்டியதோடு சரி, யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

ஆட்டோ டியூன் என்று மெனுவில் இருக்கும். கடை இல்லாத நாளில் அதை ஓட்டு. கீழே தண்ணீர்த் தட்டை நிரப்பி வை, தட்டுகள் எல்லாம் உள்ளே இருக்கட்டும், 110 என்று வைத்துக் கதவைச் சாத்து. சூடு சில முறை ஏறி இறங்கும். முடிகிறவரை கதவைத் திறக்கவே கூடாது. வெறும் பெட்டியில் ஓட்டினால், கறி வைத்தபிறகு அந்தக் கணக்கு பொருந்தாது. சைக்கிள் டைம் என்று இன்னொன்று இருக்கும், எத்தனை நொடிக்கு ஒருமுறை கரண்ட்டை ஆன்-ஆஃப் பண்ணுவது என்ற கணக்கு. உள்ளே ரிலே இருந்தால் 20 நொடி வை, எஸ்.எஸ்.ஆர். என்ற எலக்ட்ரானிக் ரிலே இருந்தால் 2 நொடி போதும். ரிலேவுக்கு 2 நொடி வைத்தால் டக்டக் என்று அடித்துக்கொண்டே இருந்து, சில வாரங்களில் கான்டாக்ட் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசி. கன்ட்ரோலர் நிறுத்து என்று சொல்லும், கரண்ட் நிற்காது. எஸ்.எஸ்.ஆரும் பெரும்பாலும் அப்படித்தான் கெடும். அறுந்து போவதைவிட ஷார்ட்டாகி ஆனிலேயே நின்றுவிடும். உள்ளே சொட்டிய கொழுப்பு இருக்கிறது, மரத்துண்டு இருக்கிறது, நீ கல்லாவில் உட்கார்ந்திருப்பாய். இதைச் சோதிப்பது எளிது. செட் பண்ணிய நம்பரை 50-க்கு இறக்கு. அவுட்புட் விளக்கு அணையும். அப்போது காயில் வயரில் டங் டெஸ்டரை (கிளாம்ப் மீட்டரை) மாட்டிப் பார். கரண்ட் இல்லாமல் இருக்க வேண்டும். ஆறு ஆம்பியருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தால் எஸ்.எஸ்.ஆர். போய்விட்டது. சித்திரை வெயிலில் 40 டிகிரி காற்று இருக்கும் ஊரில், கன்ட்ரோல் பெட்டியைப் புகைப்பெட்டியின் சுவரிலேயே திருகி வைத்தால் எஸ்.எஸ்.ஆர். எத்தனை நாள் தாங்கும்? அதைத் தனியாக எடுத்து, காற்றோட்டமான இடத்தில், அலுமினிய ஹீட் சிங்க்கோடு மாட்டு. அதற்கும் மேலே, கன்ட்ரோலரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், 160 டிகிரியில் தானே கரண்ட்டைத் துண்டித்து, கையால் அமுக்கினால்தான் மறுபடி ஒட்டுகிற கட்‌-அவுட் ஒன்று காயிலுக்குத் தொடராகப் போடு. வேறு எதற்குப் பணம் இல்லாவிட்டாலும் இதற்கு இருக்க வேண்டும்.

பெட்டியைப் பற்றியும் கொஞ்சம். கதவு ரப்பரில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துச் சாத்தி இழு. தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் சூடு போகிறது. ஆடிக் காற்று மேற்கே இருந்து வீசும். கதவும் புகைபோக்கியும் அந்தத் திசையைப் பார்க்காமல் பெட்டியைத் திருப்பி வை. புகைபோக்கியை முழுதாக அடைத்துச் சூட்டைச் சேமிக்கப் பார்க்காதே. தேங்கிய புகை கறியில் தார்போலப் படிந்து கசக்கும்.

மரத்துண்டு போட்டதும் சூடு திடீரென்று எகிறினால் அது புகையாமல் தீப்பிடித்து எரிகிறது என்று அர்த்தம். காற்று அதிகம், அல்லது தட்டு காயிலுக்கு மிக அருகில். எரிகிற மரம் சுவையைக் கெடுக்கும். அதிகச் சூட்டில் மரம் வேகும்போது பென்சோபைரீன் போன்ற நஞ்சுகளும் கூடும். புகையூட்டிய கறியில் அதற்கு ஐரோப்பிய நாடுகள் 2014 முதல் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. எந்த மரம் என்று கேட்டாய். பிளைவுட், பார்சல் பெட்டி, பெயின்ட் அடித்த பலகை எதுவும் கூடாது. சீமைக் கருவேலம் தாராளமாகப் போடலாம். டெக்சாஸ்காரர்கள் மெஸ்கீட் என்று கொண்டாடுகிற மரம் இதற்கு நெருங்கிய உறவு. மதுரையிலிருந்து ராமநாதபுரம் வரை கண்மாயெல்லாம் நிற்கிற, 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்ன அதே மரம். பட்டை உரித்து, பிளந்து, மாதக்கணக்கில் காயவைத்தது மட்டும் வேண்டும். பச்சை மரம் தன் ஈரத்தை ஆவியாக்கவே உன் சூட்டைத் தின்னும்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். பெட்டி 110-இல் இருக்கும், தொடைக்கறியின் உள்சூடு மட்டும் 68, 70 என்று இரண்டு மூன்று மணி நேரம் நகராமல் நிற்கும். அது கோளாறு இல்லை. மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படி, கறியிலிருந்து வியர்க்கும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த நேரத்தில் பொறுமையில்லாமல் 140-க்கு ஏற்றினால் வெளியே காய்ந்துவிடும். காத்திரு, அல்லது வாழை இலையிலோ ஃபாயிலிலோ சுற்றி வை.

ஆனால் உள்சூடு 60-க்கு வராமலே மணிக்கணக்கில் கிடந்தால் அது ஆபத்து. 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் பெருகும். நாலு மணி நேரத்துக்குள் கறியின் நடுப்பகுதி 60-ஐத் தாண்ட வேண்டும். கோழிக்கு, எலும்பில் படாமல் தடித்த இடத்தில் குத்திப் பார்த்து 74 வந்தால்தான் வெளியே எடுக்கலாம். உங்க அப்பத்தா உப்புக்கண்டம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. அது கெடாததற்குக் காரணம் மெல்லிசாகக் கீறிய கறி, மஞ்சள், நிறைய உப்பு, மதுரை வெயிலில் ஒட்ட உலர்ந்துபோன ஈரம். உன் பெட்டியில் இருக்கும் தொடைக்குள் ஈரம் அப்படியே இருக்கிறது, உப்பும் குறைவு. புகை பிடித்திருக்கிறதே என்ற தைரியம் இங்கே உதவாது. சாயங்காலம் 80-லேயே நின்ற நாட்களில் உள்சூட்டைக் குத்திப் பார்க்காமல் ஒரு துண்டுகூட விற்காதே. நஷ்டம் போனால் போகட்டும்.

மழைக்காலத்தில் பத்து நாள் சும்மா கிடந்த பெட்டியைப் போட்டதும், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்தால், காயிலுக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரம் குடித்திருக்கிறது. காயிலைக் கழற்றித் தெரிந்த எலக்ட்ரீசியனிடம் கொடு. விழுகிறதே என்று எர்த் வயரைக் கழற்றிவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளை மறுபடி கடைக்குள் விடாதே. எவர்சில்வர் பெட்டி, ஈரத் தரை, கையில் கறி. அந்த எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும்தான் உன் உயிருக்குக் காவல்.

வருகிற திங்கட்கிழமை கடை அடைப்புதானே? நாலு விஷயம் அளந்து எனக்கு எழுது: கொதிநீரில் சென்சார் என்ன காட்டுகிறது, காயில் எத்தனை ஓம், சாயங்காலம் ஏழு மணிக்குக் காயில் ஓடும்போது பிளக்கில் எத்தனை வோல்ட், 50-க்கு இறக்கியபிறகு வயரில் கரண்ட் ஓடுகிறதா இல்லையா. அந்த நாலும் கையில் இருந்தால் கன்ட்ரோலர் வாங்க வேண்டுமா என்று பேசலாம். அதுவரை பர்ஸைத் திறக்காதே. அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா